பொருளுக்கா, வழிக்கா? வேதியியல், ஒலி, காற்று: காப்புரிமை நடந்துவந்த தமிழகத் தடம்

இந்தியச் சட்டத்தின் கீழ் பதிவான முதல் காப்புரிமை விண்ணப்பம் காற்று வீசுவது பற்றியது. 1856 மார்ச் 3-ஆம் நாள், கல்கத்தாவில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் அதைக் கொடுத்தார். துரைமார் வீட்டுக் கூரையில் தொங்கும் துணிப் பங்காவை வெளியே உட்கார்ந்த கூலியாள் ஒருவர் பகலும் இரவும் கயிற்றால் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலையைச் செய்யும் இயந்திரம் ஒன்றை டிபென்னிங் வடிவமைத்திருந்தார். பங்கா ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பொருள். அவர் உரிமை கேட்டது அதை இழுக்கும் முறைக்கு. 14 ஆண்டுத் தனியுரிமை தந்த அந்தச் சட்டம், பிரிட்டிஷ் அரசியின் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டதால் அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. 1859-இல் திருத்தங்களோடு திரும்ப வந்தது.

வேதிச் செய்முறை, ஒலியியல், காற்றோட்டக் கட்டுப்பாடு ஆகிய மூன்று துறைகளும் அந்த முதல் விண்ணப்பத்தின் சிக்கலைச் சுமப்பவை. தோல் பதனிடும் ரசாயனக் கரைசலையோ, ஒரு தோற்கருவியின் நாதத்தையோ, புகைபோக்கியைச் சுற்றி ஓடும் காற்றையோ மேசைமேல் வைத்து ‘இதுதான் என் கண்டுபிடிப்பு’ என்று காட்ட இயலாது. கண்டுபிடித்தவர் அதை எழுதித்தான் காட்டவேண்டும். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதுபோல, தன் உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லால் வரையவேண்டும். அந்த எல்லைக்குள் அடங்குவது பொருளா, அதைச் செய்யும் வழியா? இந்தக் கேள்விக்கு இந்தியா கண்ட விடையில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் தோல். குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு தொட்டிகளில் அடுத்தடுத்து முக்கும் முறை அது. ஒரே தொட்டியில் முடியும் எளிய முறைக்கு மார்ட்டின் டென்னிஸ் 1893-இல் உரிமை பெற்றார். ஆவாரம்பட்டையில் பல வாரம் ஊறவேண்டிய தோல் குரோமில் சில நாட்களிலேயே தயாராகிவிடும். அமெரிக்கக் காப்புரிமைக்கு அன்று ஆயுள் 17 ஆண்டு. ஷுல்ட்ஸின் உரிமை 1901-இல் தீர்ந்தது. 1903 அளவில் சென்னையில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அரசுப் பணத்தில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோல் சால் தண்ணீரில் சீக்கிரம் மக்காமலிருக்க இந்தத் தோல் உதவும் என்பது அவருக்கிருந்த ஈர்ப்புகளில் ஒன்று. அரசு தொழில் நடத்துவதை லண்டன் 1910-இல் கண்டித்த பிறகு அரசின் குரோம் தொழிற்சாலை கைமாறியது. ஆனால் செய்முறை ஊரில் தங்கிவிட்டது. பல்லாவரத்துக்கு அருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவில் உரிமை பெற்றுப் பிறந்த ஒரு வேதிமுறை இங்கே ஒரு புறநகரின் பெயராகிவிட்டது.

அந்தக் காலத்துச் சட்டமான 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பொருளுக்கும் உரிமை தந்தது, முறைக்கும் தந்தது. விடுதலைக்குப் பின் அதன் பலனைக் கணக்கெடுக்க அமர்த்தப்பட்டவர், அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். 1959 செப்டம்பரில் அவர் தந்த அறிக்கை, இந்தியத் தொழில் வரலாற்றில் இன்னும் பரவலாக வாசிக்கப்படவேண்டிய ஆவணம். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவர் கையில் இருந்தன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த மண்ணில் உற்பத்திக்கே வரவில்லை. இறக்குமதிச் சந்தையைக் காக்கும் வேலியாக மட்டுமே அவை நின்றன.

ஐயங்கார் ஜெர்மனியின் அனுபவத்தைப் பார்த்தார். 1877-இல் வந்த ஜெர்மன் சட்டம் வேதிப்பொருளுக்கு உரிமை மறுத்து, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் உரிமை தந்தது. ஒரே சாயத்தைச் செய்ய வேறு வேறு வழிகளைத் தேடும் போட்டி அங்கே மூண்டது. ஜெர்மன் வேதித் தொழில் உலகை வென்றது அந்தப் போட்டியின் ஊடாகத்தான். ஐயங்காரின் பரிந்துரை 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. உணவு, மருந்து, வேதிமுறையில் உருவாகும் பொருள்கள் ஆகியவற்றில் செய்முறைக்கு மட்டுமே உரிமை. மருந்து, உணவுச் செய்முறைக்கு அதிகபட்ச ஆயுள் 7 ஆண்டு; மற்றவற்றுக்கு 14. இந்தியாவின் மலிவு மருந்துத் தொழில் இந்தப் பிரிவின் நிழலில் வளர்ந்தது.

‘வழி’ மதிப்புப் பெற்ற அந்தச் சூழலில் தமிழ்நாட்டின் இரண்டு ஆய்வகங்கள் உழைத்தன. இரண்டும் 1948-இல் வேர்விட்டவை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, அவ்வாண்டு ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஒன்று. அங்கே எச்.வி.கே. உடுப்பாவும் அவரது குழுவினரும் சுழலும் மின்வாய்களைக் கொண்டு கரிம வேதிப்பொருள்களை உருவாக்கும் முறைகளை வளர்த்தார்கள். மின்வாய் சுழலும்போது அதன் மேற்பரப்புக்குப் புதுக் கரைசல் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டலாம், வேலை விரைவாக முடியும். வேதிமுறையின் வெற்றி இங்கே திரவத்தின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் இருந்தது.

மற்றொன்று அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். குரோம் முறை தந்த வசதிக்குப் பாலாற்றங்கரை கொடுத்த விலை இந்த நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றது. வழக்கமான முறையில் தொட்டியில் இடும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மீதி கழிவுநீரோடு போகும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களின் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியது. அடையாற்று நிறுவனம் பின்னர் உருவாக்கிய நீரில்லாக் குரோம் பதனீட்டு முறை, பதனிடும் கட்டத்தில் தண்ணீரையே விலக்குகிறது. முன்னும் பின்னும் இருந்த இரண்டு படிகளைத் தவிர்க்கிறது. குரோமியத்தில் 15 முதல் 20 விழுக்காட்டை மிச்சப்படுத்துகிறது. தோலின் தரம் பழையபடி இருக்க, ஆற்றில் சேரும் நஞ்சு குறைகிறது. ‘முறை’ ஒன்றைக் கண்டுபிடிப்பதன் அருமை இதைவிடத் தெளிவாக எங்கும் தெரியாது.

உலக வணிக ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு 2005 ஜனவரி 1 முதல் பொருளுக்கும் உரிமை திரும்பி வந்தது. அதன் முதல் பெரிய சோதனைக்களமும் சென்னைதான். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் கூடுதல் பலன் தந்தால்தான் உரிமை என்ற 3(டி) பிரிவைக் காட்டி 2006 ஜனவரியில் அலுவலகம் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகவே முடிவு சொன்னது. ஐயங்கார் வரைந்த கோட்டின் தொடர்ச்சியாகவே இதைப் பார்க்கவேண்டும்.

ஒலியின் கதை வேறு விதம். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பும் கரணை என்னும் கரும்பசை ஏன் அந்தத் தோலைப் பாடவைக்கிறது என்பதை சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். வெறும் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் கலைந்துபோகும். நடுவே கனமாகவும் ஓரம் நோக்கி மெலிந்தும் அமையும் கரணை, முதல் ஒன்பது அதிர்வு முறைகளை இசைவான ஐந்து சுரங்களுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இது தலைமுறை தலைமுறையாக விரல்நுனியில் வளர்ந்த பொறியியல். கருவி செய்யும் குடும்பங்கள் அதற்குக் காப்புரிமை கேட்டதில்லை. இன்று கேட்டாலும் மரபறிவு கண்டுபிடிப்பாகாது என்று 3(பி) பிரிவு மறுக்கும். அவர்களுக்குக் கிடைப்பது புவிசார் குறியீடு மட்டும். தஞ்சாவூர் வீணையும் 2022-இல் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரமும் அதைப் பெற்றன. தோலில்லாமல் செயற்கைப் படலத்தால் மிருதங்கம் செய்த பெங்களூரு பொறியாளரும் வித்வானுமான கே. வரதரங்கனின் புது வழிக்கோ காப்புரிமை கிடைத்தது. மரபுக்கு ஒரு கதவு, புதுமைக்கு வேறொரு கதவு என்ற இந்தப் பிரிவினை சட்டப்படி சரி. ஆனால் கரணை அப்பும் கலைஞரின் வருமானத்துக்கு அது இதுவரை பெரிதாக உதவவில்லை.

ஒலியில் இன்னொரு பாடமும் உண்டு: உரிமை முந்திவிடும், கருவி பிந்திவிடும். எதிர் ஒலியை எழுப்பி இரைச்சலை அழிக்கும் எண்ணத்துக்கு ஜெர்மானியர் பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அன்றைய வால்வு மின்சுற்றுகளால் அதைச் செய்துகாட்ட முடியவில்லை. அந்த நுட்பம் 1980-களில் விமானிகளின் காதுக்கு வந்தபோது அவரது உரிமை எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

காற்றோட்டக் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் ஆலைப் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்தால் போதும். உயரமான இரும்புப் புகைபோக்கிகள் பலவற்றின் மேல் மூன்றில் ஒரு பங்கில் திருகுசுருளாகப் பட்டைத் தகடு ஓடும். அழகுக்கு வைத்ததல்ல அது. உருளை ஒன்றைக் காற்று கடக்கும்போது பின்னால் இடமும் வலமும் மாறிமாறிச் சுழல்கள் பிரியும். 2 மீட்டர் விட்டமுள்ள புகைபோக்கியில் நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று பட்டால், ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை அதைப் பக்கவாட்டில் தள்ளும். புகைபோக்கியின் இயல்பான ஆட்டமும் அதே தாளத்தில் இருந்தால் அது முறியும்வரை ஆடும். இங்கிலாந்து தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் 1957-இல் இந்த ஆட்டத்தைத் தடுக்கும் வழிக்கு உரிமை கேட்டார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில் மூன்று திருகுப் பட்டைகள் வைத்தால், சுழல்கள் உயரம் முழுதும் ஒரே நேரத்தில் பிரியாமல் குழம்பிவிடும். இந்தக் காப்புரிமையின் எல்லை என்றோ அழிந்துவிட்டது. உலகம் முழுவதும் தகடு வெல்டிங் பட்டறைகள் அதைப் பொதுச்சொத்தாகச் செய்துகொண்டிருக்கின்றன.

மூன்று துறைகளும் ஒரே அடுப்பில் சந்தித்த இடம் சென்னை ஐ.ஐ.டி.யின் விண்வெளிப் பொறியியல் துறை. விசையாழி எரிகலனில் சுடர் எழுப்பும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி அதே சுடரைத் தூண்டினால், ஒலி வளர்ந்து எந்திரத்தையே உடைக்கும். அமெரிக்கரின் நிலவுப் பயண ராக்கெட்டில் பொருத்திய எஃப்-1 எந்திரத்தில் இந்த நோயைத் தீர்க்க 1960-களில் ஏறத்தாழ 2,000 முழு அளவுச் சோதனைகள் செய்யப்பட்டன. பேராசிரியர் ஆர்.ஐ. சுஜித்தும் அவரது மாணவர்களும் வேறு கேள்வி கேட்டார்கள்: நோய் வருமுன் தெரியுமா? கலைந்து ஒலிக்கும் எரிகலன், பேரோசைக்கு மாறுமுன் இடையிடையே சிறு சிறு தாளக் கொத்துகளை எழுப்புகிறது என்று 2014-இல் வெளியிட்டார்கள். ஒலிப்பதிவிலிருந்து அந்த முன்னறிகுறியைக் கணிக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னர், கொந்தளிப்பின் முடிச்சுப் புள்ளியை வலைப்பின்னல் கணிதத்தால் தேடி, அங்கே மட்டும் மெல்லிய காற்றுத் தாரையைப் பாய்ச்சி ஓசையை அடக்கவும் செய்தார்கள். எரிதல் வேதியியல், அறிகுறி ஒலி, மருந்து காற்று.

இப்போது ஆய்வகங்களை விட்டுப் பட்டறைகளின் பக்கம், அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டுக்கு வருவோம். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியின் வாகன உதிரிபாக ஆலைகள், ஆவடியின் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் வட்டத்துக்குள் வாழும் ஊர் இது. ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேல் இரைச்சல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2002-இல் வந்தபின், ஒலியடக்கும் கூண்டு செய்வது சிறு பட்டறைகளுக்கும் தொழிலானது. அந்தக் கூண்டில் முரண்பாடு ஒன்று இருக்கிறது. எந்திரம் சூடாகாமலிருக்கக் காற்று உள்ளே போகவேண்டும். அதே வழியாக ஓசை வெளியே வரக்கூடாது. காற்றுப் பாதையை எத்தனை முறை மடிப்பது, எங்கே பஞ்சு வைப்பது என்று தகடு வளைப்பவர் தேடுவதும் ஒலியியலும் காற்றோட்டமும் சேர்ந்த ஆராய்ச்சியே. முலாம் பட்டறைக்காரர் கரைசலின் கலவையை மாற்றிப் பார்ப்பது வேதிச் செய்முறை ஆராய்ச்சி. இவற்றில் எத்தனையோ புதுமைகள் ஜாப் ஒர்க் பில்லோடு வாடிக்கையாளர் கைக்குப் போய்விடுகின்றன. ஆய்வகங்களுக்கு வழக்கமாகிவிட்ட காப்புரிமை, பட்டறைகளுக்கு இன்னும் அந்நியமாகவே இருக்கிறது. இந்த வரலாற்றின் குறை இதுவே.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2020 முதல் சிறுதொழில் நிறுவனமும் தனிநபருக்குரிய கட்டணத்திலேயே விண்ணப்பிக்கலாம்: இணையவழியில் 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000. எல்லா விவரமும் தயாராகுமுன்பே தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம். முழு விவரத்துக்கு 12 மாத அவகாசம் உண்டு. ஆனால் கண்டுபிடிப்பை முன்னதாகவே ஊரறிய விற்றாலோ வெளியிட்டாலோ புதுமை என்ற தகுதி பறிபோகும். ஆகவே பட்டறைக்காரர்கள் புதுக் கூண்டையோ புதுக் கரைசலையோ வாடிக்கையாளரிடம் காட்டுமுன், அதன் டிராயிங்கோடும் செய்முறைக் குறிப்போடும் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.