வரவு இடாப்பு

எமது பாடசாலை அன்னையின் நூற்றாண்டு மலருக்கு விசுவாசத்தையும் பொதுவாழ்வையும் பற்றி எழுதும்படி சங்கத்தினர் கேட்டபோது, எங்கள் நினைவுக்கு முதலில் வந்தது காலைச் செபமல்ல, அதற்குப் பின்னர் வகுப்பாசிரியர் திறக்கும் வரவு இடாப்புத்தான். இடம்பெயர்ந்து மரநிழலில் படித்த நாட்களிலும் அந்த இடாப்பு எங்களுடன் வந்தது. ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் ஆசிரியர் பேனையை நிறுத்திவிட்டு, "பிள்ளை எங்கை?" என்று கேட்பார். யாராவது பதில் சொல்லும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டார்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் உவமையையும் அந்த மரநிழலில்தான் படித்தோம். கணக்குத் தெரியாத மேய்ப்பன் என்று சிரித்தோம். அவருடைய கணக்கு எங்களுக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

வன்னியின் கிறிஸ்தவ வரலாறே இடப்பெயர்வின் வரலாறுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையில் இருந்த விசுவாசிகள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். மருதமடுத் திருப்பதி அவ்வாறு தோன்றியது. ஏறக்குறைய முந்நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர், 1990 முதல், அதே காட்டுக்குள் ஆயிரக்கணக்கான அகதிகள் வந்து ஆலயத்தைச் சுற்றிக் கொட்டில் போட்டார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி அங்கே எறிகணைகள் வீழ்ந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் போர் ஆலய வாசலுக்கே வந்தபோது, திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தா என்று எங்கள் அம்மாமார் சொன்னார்கள். அந்த ஒரு வசனத்தில் அவர்களுடைய இறையியல் முழுவதும் அடங்கியிருந்தது.

திருச்சபையின் ஆட்சியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. வவுனியாவோ 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. போர் இந்த எல்லைகளைப் பார்க்கவில்லை. 2009இல் மக்கள் கரையோரத்தின் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒதுங்கியபோது, குருவானவர்களும் கன்னியர்களும் அவர்களோடு இருந்தார்கள். உருத்திரபுரம் பங்குத்தந்தையாயிருந்த அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன் தம் மக்களை விட்டு வராமல் இருந்து, மே 18ஆம் திகதி மாரடைப்பால் இறந்தார். அதே நாளில், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு சென்றார். அதன் பின்னர் அவரை எவரும் காணவில்லை. இடாப்புக் கூப்பிட்டே பழகிய ஓர் ஆசிரியரின் பெயருக்கு இன்றுவரை பதில் இல்லை.

அவ்வாண்டில் எங்கள் வகுப்பில் படித்து மருத்துவரான நாங்கள் சிலர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வேலை செய்தோம். வயிற்றோட்டம், அம்மை, ஆறாத காயங்கள் எனக் காலையில் தொடங்கும் வரிசை இருளும்வரை குறையாது. ஒருநாள் இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்க வந்த ஓர் அம்மாவிடம், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டோம். ஆறு என்றா. கூடாரத்தில் இருந்தது மூன்று பேர்.

"அப்ப மூண்டெண்டு எழுதட்டோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை, ஆறெண்டு எழுதுங்கோ. மற்ற மூண்டு பேரும் வரேக்கை கணக்குப் பிழைச்சுப் போகும்."

படிவம் முகாமில் இருப்போரை மட்டுமே கேட்டது. நாங்கள் மூன்று என்று எழுதினோம். அம்மா எழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மருந்தை வாங்கிக்கொண்டு போனா. எங்கள் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வோம். பீடத்தின் முன் முழந்தாளிட்டபோது கிடைக்காத வெளிச்சம் அன்று கிடைத்தது. அது ஆறுதல் தரும் வெளிச்சமாக இருக்கவில்லை.

அந்த அம்மாவின் கணக்கைப் பொதுவெளியில் சொன்னவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது எளிய கழித்தல் கணக்கு. கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? இத்தனை பேர் இறந்தார்கள் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக 2012 மே மாதத்தில் அவரே விசாரிக்கப்பட்டார். 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது.

அதே கேள்வியுடன் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் குந்தினார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் தொடங்கினார்கள். செபமாலை உருட்டியவர்களும் திருநீறு பூசியவர்களும் ஒரே கொட்டகையில் பிள்ளைகளின் படங்களைப் பிடித்திருந்தார்கள். பிள்ளையைத் தேடுவதில் சமயம் குறுக்கே வரவில்லை.

எங்களிடமும் ஒரு குறையுண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, வன்னியிலிருந்தும் குடும்பங்கள் உடுத்த உடுப்போடு போயின. "பிள்ளை எங்கை?" என்று அவர்களுக்காக நாங்கள் சத்தமாகக் கேட்கவில்லை. அன்று சின்னப் பிள்ளைகளாயிருந்தோம் என்பது உண்மை. வளர்ந்த பின்னரும் பல காலம் கேட்காமல் இருந்தோம் என்பதும் உண்மை. தன் மந்தையில் இருப்பதை மட்டும் எண்ணுவதற்கு விசுவாசம் தேவையில்லை.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் ஊரிலும் இம்மலரை வாசிக்கும் சகோதரிகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. நூற்றாண்டுக்குக் கட்டடமும் மேடையும் கட்டுவோம், நல்லது. அத்தோடு ஓர் இடாப்பையும் எழுதுவோம். உங்கள் வகுப்பில் யார் யார் இருந்தார்கள், எந்த வாங்கில் இருந்தார்கள், யாருக்குப் பின்னர் பதில் வரவில்லை என்பதை எழுதி அனுப்புங்கள். இறந்தவர்கள், காணாமற்போனவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள், படிப்பை இடையில் விட்டவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருக்கட்டும்.

இம்முறை மூன்று என்று எழுதமாட்டோம்.