விளையாட்டுச் சுட்டி

விளையாட்டுச் சுட்டி என்பது கணினி விளையாட்டுகளில் விரைவாகவும் துல்லியமாகவும் குறி வைப்பதற்கென வடிவமைக்கப்படும் கணினிச் சுட்டி ஆகும். பேச்சு வழக்கிலும் கடைகளிலும் இது கேமிங் மவுஸ் எனப்படுகிறது. உணரியின் திறன், எடை, பொத்தான்களின் எண்ணிக்கை, புறவடிவம் ஆகியவற்றில் இது அலுவலகச் சுட்டியிலிருந்து வேறுபடுகிறது. விளம்பரங்களில் உணரியின் எண்களே பெரிதாகக் காட்டப்படுகின்றன. ஆயினும் பயன்படுத்துபவரின் கையளவுக்கும் அவர் பிடிக்கும் முறைக்கும் பொருந்தாத சுட்டி, எத்தகைய உணரியைக் கொண்டிருப்பினும் துல்லியத்தைத் தராது. நாளடைவில் கைவலிக்கும் காரணமாகலாம்.

வரலாறு

முதற் சுட்டியை அமெரிக்காவின் இசுட்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளசு எங்கல்பர்ட்டின் கருத்துப்படி பில் இங்கிலீசு 1964 ஆம் ஆண்டில் செய்தார். அது மரப்பெட்டியின் அடியில் இரு சக்கரங்களைக் கொண்டிருந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிசுக்கோவில் எங்கல்பர்ட் அதனை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். 1970 இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

பின்னர் வந்த உருளும் பந்துச் சுட்டிகள் 1990களின் இறுதி வரை வழக்கில் இருந்தன. 1996 இல் வெளிவந்த குவேக்கு போன்ற முப்பரிமாணச் சுடுதல் விளையாட்டுகளில், சுட்டியால் பார்வையைத் திருப்பி விசைப்பலகையால் நகரும் முறை பரவியது. இதனால் சுட்டியின் துல்லியம் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் காரணியாயிற்று. 1999 இல் ரேசர் நிறுவனத்தின் பூம்சுலாங்கு வெளியானது. விளையாட்டுக்கென்றே விற்கப்பட்ட முதற் சுட்டிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அதே ஆண்டில் மைக்ரோசாப்டு வெளியிட்ட இன்டெலிமவுசு எக்சுபுளோரர், பந்தை நீக்கி ஒளி உணரியைப் பரவலாக்கியது. 2018 இல் லாசிட்டெக் நிறுவனத்தின் 80 கிராம் எடையுள்ள கம்பியில்லாச் சுட்டியும், 2020 இல் 63 கிராமுக்கும் குறைந்த அதன் அடுத்த பதிப்பும் வெளிவந்தன. கம்பியில்லாச் சுட்டி கனமானது, தாமதமானது என்ற எண்ணம் இவற்றால் மாறத் தொடங்கியது.

கையை அளக்கும் முறை

சுட்டி தேர்வில் இரண்டு அளவுகள் தேவைப்படுகின்றன.

1. கையின் நீளம்: விரல்களைச் சேர்த்து நீட்டிய நிலையில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை.
2. கையின் அகலம்: கட்டைவிரலை விடுத்து, மற்ற நான்கு விரல்களின் அடிக்கணுக்களின் குறுக்கே.

தோராயமாக, 17 செ.மீ. க்குக் குறைந்த நீளம் சிறிய கை எனவும், 17 முதல் 19 செ.மீ. வரை நடுத்தரக் கை எனவும், அதற்கு மேற்பட்டது பெரிய கை எனவும் கொள்ளப்படுகிறது.

விளையாடுவோரிடையே அறுபது விழுக்காட்டு விதி என்றொரு வழக்கு உள்ளது. கையின் நீளத்தையும் அகலத்தையும் 0.6 ஆல் பெருக்கினால் சுட்டியின் நீளமும் அகலமும் கிடைக்கும் என்பது அதன் கூற்று. 18 செ.மீ. நீளமுள்ள கைக்கு 10.8 செ.மீ. சுட்டி என்று வரும். ஆனால் சந்தையில் உள்ள சுட்டிகளில் பெரும்பாலானவை 11.5 முதல் 13 செ.மீ. வரை நீளமுடையவை. உள்ளங்கை முழுவதையும் சுட்டியின் மேல் வைப்பவருக்கு இவ்விதி தரும் அளவு மிகச் சிறிதாகவே இருக்கும். எனவே இது விரல்நுனியால் பிடிப்போருக்கு ஓரளவே பயன்படும் வழிகாட்டியாகும், அறிவியல் விதியன்று.

கையளவுகள் மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன. இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து, தேபகுமார் சக்கரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997 இல் வெளியிட்டது. கருவிகளை வடிவமைப்போருக்கு இத்தகைய தரவுகள் இன்றியமையாதவை. சராசரியாகப் பெண்களின் கை ஆண்களின் கையை விடச் சிறியது. பள்ளி மாணவர்களின் கை இன்னும் சிறியது. பெரிய கைகளுக்கென அமைந்த மாதிரியை இவர்கள் வாங்கும்போது, பக்கப் பொத்தான்களை எட்டுவதற்கே பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

பிடி வகைகள்

உள்ளங்கைப் பிடி (பாம் கிரிப்): உள்ளங்கை முழுவதும் சுட்டியின் முதுகில் படிந்திருக்கும், விரல்கள் பொத்தான்களின் மேல் தட்டையாக நீண்டிருக்கும். அசைவு பெரும்பாலும் முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது. கைக்கு ஓய்வு தரும் பிடி இதுவே. நீளமான, முதுகு உயர்ந்த சுட்டிகள் இதற்கு ஏற்றவை.

வளைவிரல் பிடி (கிளா கிரிப்): உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் சுட்டியின் பின்புறத்தைத் தொடும், விரல்கள் வளைந்து, நுனிகள் பொத்தான்களின் மேல் நிற்கும். சொடுக்குதல் விரைவாகும், அதே வேளையில் விரல் தசைகள் தொடர்ந்து இறுகியிருக்கும். முதுகின் உச்சி பின்புறமாக அமைந்த, நடுத்தர நீளமுள்ள சுட்டிகள் பொருந்தும்.

விரல்நுனிப் பிடி (பிங்கர்டிப் கிரிப்): உள்ளங்கை சுட்டியைத் தொடுவதே இல்லை. ஐந்து விரல்களின் நுனிகளே அதனைத் தாங்கி நகர்த்துகின்றன. நுண்ணிய அசைவுகளுக்கு ஏற்றது. சிறிய, தட்டையான, எடை குறைந்த சுட்டியே இதற்குத் தேவை. கனமான சுட்டியை விரல்கள் மட்டும் நெடுநேரம் நகர்த்த இயலாது.

பலர் இவற்றின் கலவையான பிடியையே கொண்டுள்ளனர். தன் பிடி எதுவென அறிய, கையை வேண்டுமென்றே ஒரு நிலையில் வைத்துப் பார்ப்பது பயன் தராது. கால் மணி நேரம் விளையாட்டில் மூழ்கிய பின் கை எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்று நோக்க வேண்டும். உள்ளங்கையில் சிறிது முகப்பவுடரைத் தடவிக்கொண்டு விளையாடினால், கருநிறச் சுட்டியின் மேல் படியும் தடமே பிடியைக் காட்டிவிடும்.

வடிவமும் எடையும்

சுட்டிகள் வடிவத்தால் இருவகைப்படும். வலக்கை வடிவச் சுட்டிகள் கட்டைவிரல் பக்கம் குழிந்து, முதுகு சாய்ந்திருக்கும். 2006 இல் அறிமுகமான ரேசர் டெத்தாடர் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. சமச்சீர் வடிவச் சுட்டிகள் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். இடக்கையர்கள் பெரும்பாலும் சமச்சீர் வடிவத்தையே நாட வேண்டியுள்ளது. ஆயினும் அவற்றுள் பலவற்றில் பக்கப் பொத்தான்கள் இடப்புறம் மட்டுமே உள்ளன. இவை வலக்கையரின் கட்டைவிரலுக்கே எட்டுபவை என்பதால், இடக்கையர்கள் வாங்குமுன் இதனைக் கவனிக்க வேண்டும்.

ஒரே வடிவம் வெவ்வேறு எடைகளில் வருவதும் உண்டு. இந்தியாவில் பரவலாக விற்கப்படும் லாசிட்டெக் ஜி102, ஜி304 ஆகிய இரண்டும் ஏறத்தாழ 11.7 செ.மீ. நீளமுள்ள ஒரே புறவடிவத்தைக் கொண்டவை. கம்பியுள்ள ஜி102 சுமார் 85 கிராம் எடையுடையது. கம்பியில்லா ஜி304 மின்கலத்துடன் சுமார் 99 கிராம். உள்ளங்கைப் பிடியினர் இந்த 14 கிராம் வேறுபாட்டை உணராமலும் இருக்கலாம்; விரல்நுனிப் பிடியினர் உடனே உணர்வர்.

உணரியும் எண்களும்

உணரியின் நுணுக்கம் அங்குலத்திற்கான புள்ளிகளாக, அதாவது டிபிஐ ஆகக் குறிக்கப்படுகிறது. 800 டிபிஐ எனில், சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தும்போது 800 எண்ணிக்கைகள் கணினிக்குச் செல்கின்றன. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு படப்புள்ளி எனக் கொண்டால், 1920 படப்புள்ளி அகலமுள்ள திரையைக் கடக்க 2.4 அங்குல அசைவு தேவை. 16,000 டிபிஐயில் அதே திரையை 3 மில்லிமீட்டரில் கடந்துவிடலாம். மனிதக் கையால் இத்தனை சிறிய தொலைவுக்குள் குறி வைக்க இயலாது. கவுண்டர்-இசுட்ரைக்கு போன்ற விளையாட்டுகளின் தொழில்முறை வீரர்களிடையே 400, 800 ஆகிய அமைப்புகள் மிகவும் வழக்கில் இருப்பதன் காரணம் இதுவே. எனவே பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட உச்ச எண்ணைக் கொண்டு சுட்டியின் தரத்தை மதிப்பிடலாகாது.

சுட்டி தன் நிலையைக் கணினிக்கு நொடிக்கு எத்தனை முறை தெரிவிக்கிறது என்பது அறிவிப்பு வீதம் ஆகும். வழமையான யூஎஸ்பி சுட்டிகளில் இது 125 எர்ட்சு, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. விளையாட்டுச் சுட்டிகளில் 1000 எர்ட்சு பொதுவானது. இடைவெளி 1 மில்லிநொடியாகக் குறைகிறது. 2021 முதல் 8000 எர்ட்சு சுட்டிகளும் விற்பனைக்கு வந்துள்ளன. முதல் மாற்றம் 7 மில்லிநொடியை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது மாற்றம் ஒரு மில்லிநொடியிலும் குறைவாகவே மிச்சப்படுத்துகிறது, அத்துடன் கணினியின் வேலைப்பளுவையும் கூட்டுகிறது.

இணையவழிச் சதுரங்கத்தில்

விரைவான சுட்டி அசைவு சுடுதல் விளையாட்டுகளுக்கு மட்டும் உரியதன்று. 2020 இல் நடந்த முதல் இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாடில் இந்தியாவும் உருசியாவும் இணை வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் சென்னையைச் சேர்ந்த ஆர். பிரக்ஞானந்தா, தம் 16 ஆம் அகவையில் மாக்னசு கார்ல்சனை ஏர்திங்சு மாசுட்டர்சு இணையவழிப் போட்டியில் வென்றார். 2025 இல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் சதுரங்கமும் ஒரு போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

இத்தகைய ஆட்டங்களில் காய் தவறான கட்டத்தில் விழுந்துவிடுவது சுட்டிச் சறுக்கல் எனப்படுகிறது. நகர்த்தலைத் திரும்பப் பெற இயலாத போட்டியில் இது ஆட்டத்தையே இழக்கச் செய்யும். காயை இழுத்துச் செல்லும்போது பொத்தானை அழுத்தியபடியே சுட்டியை நகர்த்த வேண்டியிருப்பதால், கைக்குப் பெரிதான சுட்டியில் இத்தவறு எளிதில் நேரும். காயை ஒருமுறையும் கட்டத்தை ஒருமுறையும் சொடுக்கும் முறை இதனைக் குறைக்கும்.

ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில்

சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டில் மழைக்காலத்தில் மூடுபனியும் ஈரப்பதமும் மிகுதி. சுட்டியின் தேர்விலும் பேணலிலும் இச்சூழல் சில விளைவுகளை உண்டாக்குகிறது.

- மென்மையான இரப்பர்ப் பூச்சு கொண்ட சுட்டிகள் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பிசுபிசுப்பாகி உரியத் தொடங்கும். பூச்சற்ற, சொரசொரப்பான நெகிழிப் பரப்பே நீடித்து உழைக்கும்.
- துணித்திண்டு ஈரத்தை உறிஞ்சும்போது சுட்டியின் வழுக்கல் குறையும். நேற்றுப் பழகிய அசைவு இன்று குறி தவறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.
- குளிர்ந்த விரல்கள் விறைத்து, வளைவிரல் பிடியும் விரல்நுனிப் பிடியும் கடினமாகும். ஆட்டத்திற்கு முன் கைகளைச் சூடேற்றிக்கொள்வது நல்லது.

ஏற்காடு உறைவிடப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. பள்ளிக் கணினி அறைகளில் ஒரே சுட்டியைப் பத்து வயது மாணவரும் பதினேழு வயது மாணவரும் பயன்படுத்த நேரிடும். இத்தகைய பொதுப் பயன்பாட்டிற்கு நடுத்தர நீளமுள்ள சமச்சீர் வடிவமே பொருத்தமானது.

கையில் எடுத்துப் பாராமல் வாங்குதல்

மலையிலிருந்து சேலத்திற்கு ஏறத்தாழ 30 கி.மீ. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். இறங்கினாலும் பெட்டியைப் பிரித்துக் காட்டும் கடை அமைவது அரிது. எனவே பலரும் இணையவழியிலேயே வாங்குகின்றனர். அவ்வாறு வாங்குவோர் பின்வரும் முறையைக் கையாளலாம்.

1. கையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளவும்.
2. இப்போது பயன்படுத்தும் சுட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அளந்து, அதில் எது இடர் தருகிறது என்று எழுதவும்.
3. வாங்க எண்ணும் சுட்டியின் அளவுகளில் களிமண்ணால் ஓர் உரு செய்து, காய்ந்த பின் பிடித்துப் பார்க்கவும். எடையை இது காட்டாவிடினும், பக்கப் பொத்தானின் இடம் கட்டைவிரலுக்கு எட்டுகிறதா என்பதைக் காட்டிவிடும்.
4. திருப்பி அனுப்பும் காலவரம்பையும் உத்தரவாதக் காலத்தையும் பார்க்கவும். ஒருமுறை அழுத்தினால் இருமுறை சொடுக்கும் பழுது, தேய்ந்த பொத்தான்களில் பொதுவானது.

உடல்நலம்

கைக்குப் பெரிதான கவாத்துக் கத்தரி தோட்டத் தொழிலாளியின் கையைச் சோர்வடையச் செய்வது போன்றே, பொருந்தாத சுட்டியும் கையைச் சோர்வடையச் செய்கிறது. மணிக்கட்டை மேல்நோக்கியோ சுண்டுவிரல் பக்கமாகவோ நெடுநேரம் வளைத்து வைப்பது அங்குள்ள நரம்பின் மீதான அழுத்தத்தைக் கூட்டும். மேசையின் உயரத்தை முழங்கைக்குச் சமமாக அமைத்தல், சுட்டியை இறுக்கிப் பிடியாதிருத்தல், இடையிடையே ஓய்வு கொள்ளுதல் ஆகியவை உதவும். விரல்களில் மரமரப்போ இரவில் வலியோ தொடர்ந்தால், வேறு சுட்டி வாங்குவதற்கு முன் மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- கணினிச் சுட்டி
- விசைப்பலகை
- பணிச்சூழலியல்
- மின்விளையாட்டு
- ஏற்காடு