கம்பு, சோளம், பிராய்லர் கோழி - ஒரு சின்ன வரலாறு

நாம் வெட்டுகிற பிராய்லர் கோழி என்ன தின்று வளருகிறது என்று யோசித்ததுண்டா? தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், மீதியில் பெரும்பங்கு சோயா புண்ணாக்கு. கோழி வளர்க்கும் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும்.

எங்கள் தூத்துக்குடி என்றால் துறைமுகம், முத்து, உப்பு இவைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் கடற்கரையை விட்டு விளாத்திகுளம், கோவில்பட்டி பக்கம் போனால் வானம் பார்த்த கரிசல் பூமி. அந்தக் காலத்தில் கம்பும் சோளமும்தான் அங்கே சாப்பாடு, தட்டை மாட்டுக்கு. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே தொடங்கியது. அங்கிருந்து பல சோள ரகங்கள் வந்தன.

ரேஷன் அரிசி வந்ததும் கூழ் குறைந்தது. 1984-ல் உடுமலைப்பேட்டையில் சுகுணா தொடங்கியது. பிறகு கொங்குப் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகப் பெருக மக்காச்சோளத்துக்கு நல்ல கிராக்கி. கரிசலிலும் அது ஏறிவிட்டது. மனுஷன் தின்ற தானியம் போய், கோழி தின்கிற தானியம் வந்தது!

பிறகு விழுந்தது இரண்டு அடி. முதலாவது, 2018-ல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு. இரண்டாவது எத்தனால். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-ல் மியான்மர், உக்ரைனிலிருந்து இறக்குமதி செய்தது.

சரி, பழைய தானியத்தையே கோழிக்குப் போட்டால் என்ன? தாராளமாகப் போடலாம். மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம் என்றால் கம்பில் 11, 12 வரை இருக்கும். எரிசக்தி கொஞ்சம் குறைவு, எண்ணெய் சேர்த்து ஈடுகட்டலாம். கருஞ்சிவப்புச் சோளத்தில் டானின் இருப்பதால் புரதம் சரியாகச் செரிக்காது, வெள்ளைச் சோளத்தில் அந்தத் தொல்லை குறைவு. மஞ்சள் நிறமி இல்லாததால் கோழித் தோல் வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான்.

சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது. பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படுகிறது. மக்காச்சோளத்தைவிட விலை குறைந்தால்தான் பண்ணைக்காரர் கம்பு வாங்குவார். மானாவாரிக் கம்புக்கு ஏக்கர் விளைச்சல் குறைவு, அதனால் கிலோவுக்குக் கூடுதல் விலை வந்தால்தான் சம்சாரி விதைப்பார். ஒருவருக்குக் கட்டுபடியாகும் விலை இன்னொருவருக்குக் கட்டாது.

மக்காச்சோளம் விலை ஏறிய பிறகு கம்பைத் தேடி ஓடினால் கிடைக்குமா? மூன்று மாதம் முன்பே யாராவது விதைத்திருக்க வேண்டுமே! இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று விதைக்கும் முன்னால் சொல்ல ஆள் வந்தால், கரிசல் மறுபடி கம்பு விளைவிக்கும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?