நீங்க எங்க நின்னீங்க?

மடிப்பு இயந்திரத்தின் உருளைகளுக்குள் ஒரு துணி போய்விட்டது. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுபவன். படித்தது இங்கே, சிங்கப்பூரில். செங்காங்கில் வீடு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பைண்டிங் தொழிற்கூடத்தில் ஒரு வேலை வந்தது. அங்கே இருந்த பழைய மடிப்பு இயந்திரத்தை டேப்லட் வழியாக இயக்க வழி செய்ய வேண்டும். அந்த இயந்திரம் நீளமானது. ஒரு முனையில் தாளை ஊட்ட வேண்டும், மறுமுனையில் அது மடிந்து பாரமாக வெளியே வரும். முன்னால் ஒரு திருகைத் திருப்பிவிட்டுப் பின்னால் போய் மடிப்பைப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் திரும்பவும் முன்னால் வர வேண்டும். அங்கே வேலை செய்த அங்கிள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடப்பார் என்று பார்த்தபோது, கையில் ஒரு டேப்லட்டைக் கொடுத்துவிட்டால் இந்த நடையே மிச்சமாகிவிடுமே என்று தோன்றியது. இயந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிப் பார்ப்பதற்கு ‘இன்ச்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தும் வரை மெல்லச் சுழலும், விட்டால் நிற்கும். அதையும் டேப்லட்டில் வைத்துவிட்டேன்.

சோதனை நாளில் நான் தாள் வெளிவரும் முனையில் நின்றேன். நடுவில் ஆள் உயரத்துக்குத் தாள் கட்டுகள். இன்ச் பொத்தானைத் தொட்டேன். மறுமுனையில் அங்கிள் மூடியைத் திறந்து உருளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி உள்ளே போனது. அவர் துணியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓடிப்போய் நின்றேன். அவர் திட்டவில்லை. “துணிதான் போச்சு தம்பி. ஆனா நீங்க எங்க நின்னீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டுப்பாட்டுப் பொறியியலில் நான் எழுதிய எந்தத் தேர்விலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. அதன் பிறகு தாள் வெட்டும், மடிக்கும், தைக்கும் இயந்திரங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இயந்திரம் ஓடும்போது மனிதனின் கை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு காலமும் சொன்ன பதில்தான் அந்த வரலாறு என்று படிக்கப் படிக்கப் புரிந்தது.

கையே கருவியாக இருந்த காலம்

சிங்கப்பூரில் புத்தகம் கட்டும் தொழில், அச்சுத் தொழிலோடு சேர்ந்தே வந்தது. லண்டன் மிஷனரி சங்கத்தின் அச்சகம் 1820களிலேயே இங்கே இருந்தது. 1847இல் சங்கம் சீனாவை நோக்கிக் கிளம்பியபோது பெஞ்சமின் கீஸ்பெரி என்ற பாதிரியார் மட்டும் தங்கிவிட்டார். தன் பள்ளியில் படித்த மலாய்ச் சிறுவர்களுக்கு அச்சு வேலையும் புத்தகம் கட்டும் வேலையும் சொல்லிக்கொடுத்தார். முன்ஷி அப்துல்லாவின் சுயசரிதையான ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849இல் கல்லச்சில் வந்ததும் அவருடைய அச்சகத்தில்தான். மலாய் உரைநடையின் முன்னோடியாகச் சொல்லப்படும் அப்துல்லா, மலாக்காவில் சிறுவனாக இருந்தபோது தமிழும் படித்தவர் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

1872இல் ‘முனாஜாத்துத் திரட்டு’ வந்தது. சிங்கப்பூரில் வெளியான முதல் தமிழ் நூலாக அறியப்படுவது அதுதான். 1887இல் மகுதூம் சாயபுவின் ‘சிங்கை நேசன்’ வந்தது. இவற்றை எழுதியவர், பதிப்பித்தவர் பெயரெல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. மடித்தவர், தைத்தவர் பெயரை யாரும் எங்கேயும் எழுதிவைப்பதில்லை.

கையால் கட்டும் வேலையில் கட்டுப்பாட்டுக் கருவி என்று தனியாக எதுவும் கிடையாது. தாளை மடித்து எலும்புத் துண்டால் நீவுவது, பாரங்களை வரிசையாக அடுக்குவது, முதுகில் துளையிட்டு நூலால் தைப்பது, பசை பூசுவது என்று எல்லாவற்றையும் கைதான் செய்கிறது. தாள் எந்தப் பக்கம் வளைய விரும்புகிறது என்பதைக்கூட விரல்தான் கண்டுபிடிக்கிறது. தமிழ்நாட்டு பைண்டர்கள் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பது கண்ணளவு.

லண்டனில் 1805இல் ஒரு பதினான்கு வயதுப் பையன் இப்படி ஒரு பைண்டரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். தைக்க வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன்னால் படித்துவிடுவான். அவன் பெயர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சுழல வைத்ததும், காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்ததும் அவர்தான். இன்று உலகின் எல்லா பைண்டிங் இயந்திரங்களும் அந்த பைண்டர் பையன் கண்டுபிடித்த தத்துவத்தில்தான் சுற்றுகின்றன. இதை முதன்முதலில் யோசித்தபோது எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

இரண்டு பொத்தான்

1844இல் பாரிஸில் கியோம் மாசிகோ என்பவர் தாள் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சில் இன்றும் அதன் பெயர் ‘மாசிகோ’. நாம் ‘கில்லட்டின்’ என்கிறோம், அச்சகத்தில் சும்மா ‘கட்டிங் மிசின்’. தாள் கட்டை ஒரு கட்டை அழுத்திப் பிடிக்கும், கத்தி சாய்வாக இறங்கும். அதுவரை கைக்கத்தியால் இழைத்து இழைத்து வெட்டிய கட்டு, ஒரே இறக்கத்தில் துண்டானது.

ஆரம்பத்தில் பெரிய சக்கரத்தையோ நெம்புகோலையோ மனிதனே இழுத்தான். கத்தியின் வேகம் அவன் தோளின் வேகம்தான். ஏதோ சரியில்லை என்றால் தோள் தானாகவே நிற்கும். நீராவியும் மின்மோட்டாரும் வந்த பிறகு இது மாறியது. ஒரு மிதியையோ பிடியையோ தட்டினால் போதும், கத்தி தன் முழுச் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் நிற்கும். வலது கை பிடியில் இருக்கும்போது இடது கை தாளைச் சரிசெய்யப் போகும். பழைய அச்சகங்களில் விரல் குறைந்த பைண்டர்களைப் பார்த்தவர்கள் நம் அப்பா தலைமுறையில் நிறைய பேர் இருப்பார்கள்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு மிக எளிமையானது. கத்தி இறங்க வேண்டுமா, இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்து. இரண்டும் பொத்தானில் இருந்தால் கத்திக்குக் கீழே எந்தக் கையும் இருக்க முடியாது. ஆனால் மனிதர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு பொத்தானில் குச்சியைச் செருகிவிட்டு மற்றதை மட்டும் அழுத்தினார்கள். அதனால் இரண்டும் அரை விநாடிக்குள் சேர்ந்து அழுத்தப்பட வேண்டும், அடுத்த வெட்டுக்கு முன் இரண்டையும் விட்டாக வேண்டும் என்று விதி வந்தது. ஒரே கையின் விரலும் முழங்கையும் சேர்ந்து எட்டாதபடி இடைவெளி வைத்தார்கள். ஐஎஸ்ஓ 13851 என்ற தரநிலையைப் படித்தால் வறண்ட வாசகங்களாகத்தான் தெரியும். ஆனால் அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் செய்த தந்திரமும் அதற்கு அவர் கொடுத்த விலையும் இருக்கின்றன.

இரண்டு கைப் பொத்தான் பேசாமல் சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு. அழுத்துபவர் இயந்திரத்தின் முன்னால்தான் நிற்க முடியும். கத்தியும் அவர் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும். “நீங்க எங்க நின்னீங்க?” என்று யாரும் கேட்கவே தேவையில்லை. நான் டேப்லட்டில் ஒரு பொத்தானை வைத்தபோது, கேபிளை மட்டும் எடுத்துவிட்டதாக நினைத்தேன். இந்தப் பதிலையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

தகவல் தனியாக நடக்கத் தொடங்கியது

அடுத்த மாற்றம் தகவலில் நடந்தது. 1995இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் ஹைடல்பெர்க் போன்ற இயந்திர நிறுவனங்களும் சேர்ந்து சிஐபி3 என்ற கூட்டமைப்பை உருவாக்கின. பக்கங்களை வடிவமைக்கும் கணினிக்கு ஒரு தாளில் எத்தனை பக்கம், எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். பிறகு ஏன் பைண்டர் அளவுகோல் வைத்து மறுபடி அளக்க வேண்டும்? அந்தத் தகவல் ஒரு கோப்பாக வெட்டும் இயந்திரத்துக்கே போகட்டும் என்பது யோசனை. 2000இல் அது சிஐபி4 ஆகி, ஜேடிஎஃப் என்ற பொது மொழியைக் கையில் எடுத்தது. 2010இல் ஐபேட் வந்த பிறகு இதே தகவல் கைக்குள் வந்தது. ஜப்பானின் ஹொரைசன் நிறுவனம் தன் இயந்திரங்களின் நிலையை இணையம் வழியாகக் காட்டும் ஐஸ் லிங்க் என்ற சேவையைத் தருகிறது. எத்தனை புத்தகம் முடிந்தது, எந்த இயந்திரம் நிற்கிறது என்பதை வேறெங்கோ இருந்தபடியே பார்க்கலாம்.

பார்ப்பது வேறு, இயக்குவது வேறு. எங்கள் செங்காங்கில் 2003 முதல் ஓட்டுநர் இல்லாத எல்ஆர்டி ஓடுகிறது. தினமும் அதில் ஏறுகிறேன், பயமில்லை. ஏனென்றால் அந்தத் தடத்துக்குள் மனிதர் யாரும் வர முடியாதபடி உயரத்தில் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். பைண்டிங் இயந்திரத்தை அப்படி அடைத்துவைக்க முடியாது. தாள் சிக்கும், தூசு சேரும், பசை வழியும். யாராவது ஒருவர் மூடியைத் திறந்து உள்ளே கை விட்டுத்தான் ஆக வேண்டும்.

ரோபோத் துறையில் இதே சிக்கலுக்கு ஓர் அழகான பதில் இருக்கிறது. கையில் பிடிக்கும் இயக்கிக்கு மூன்று நிலை அனுமதி விசை. விட்டுவிட்டால் இயந்திரம் நிற்கும், நடுவில் இதமாகப் பிடித்தால் மட்டும் ஓடும், இறுக்கிப் பிடித்தால் திரும்பவும் நிற்கும். பயந்துபோன கை இரண்டில் ஒன்றைத்தான் செய்யும்: விட்டுவிடும், இல்லையென்றால் இறுக்கிக்கொள்ளும். இரண்டிலும் இயந்திரம் நின்றாக வேண்டும். கண்ணாடித் திரையில் இது முடியாது, திரைக்குப் பயம் தெரியாது. கம்பியில்லா இயக்கிகளின் அவசர நிறுத்தப் பொத்தானிலும் சிக்கல் உண்டு. இணைப்பில் இல்லாத இயக்கியின் சிவப்புப் பொத்தானை ஒருவர் நம்பி அழுத்திவிடக் கூடாது. வேலை செய்யும் பொத்தானையும் செய்யாத பொத்தானையும் யாரும் குழப்பிக்கொள்ளாதபடி வைக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 13850 தனியாகவே சொல்கிறது.

முந்நூறு பிரதிகள்

இதையெல்லாம் இலக்கியம் படிப்பவர்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நாம் வாங்கும் புத்தகங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கவிதைத் தொகுப்பு, 160 பக்கம், 300 பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரம் என்றால் ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பாரம், மொத்தம் 3,000 தாள். மணிக்கு 6,000 தாள் மடிக்கும் இயந்திரத்துக்கு இது அரை மணி நேர வேலை. அந்த இயந்திரத்தைக் கையால் அளவு வைத்துத் தயார் செய்யவும் அதே அரை மணி ஆகலாம். மூவாயிரம் பிரதி அடித்தால் இந்தத் தயாரிப்பு நேரம் செலவில் தெரியவே தெரியாது. முந்நூறு பிரதியில் அது ஒவ்வொரு புத்தகத்தின் தலையிலும் விழும். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களில் பல சென்னையில் அச்சாகி வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆக, அளவுகளை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு தொடுதலில் தயாராகும் இயந்திரம் நம்மைப் போன்ற சிறிய மொழிச் சமூகத்துக்கு நல்ல செய்திதான். எனக்கு இதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அளவுகள் எங்கிருந்து வருகின்றன?

அங்கிளிடம் ஒரு நோட்டு இருந்தது. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருபவர், முப்பது வருட வேலை. எந்தத் தாளுக்கு உருளை இடைவெளி எவ்வளவு, எதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், எது மழை நாளில் சுருளும் என்று தமிழும் மலாயும் கலந்து எழுதிவைத்திருந்தார். என் மென்பொருளின் முன்கூட்டிய அளவுகள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து நான் எடுத்தவைதான். திரையில் அவை ‘அமைப்பு 1’, ‘அமைப்பு 2’ என்று வரிசையாக நின்றன. 1872இல் தைத்தவர் பெயர் இல்லை என்று மேலே வருத்தப்பட்டேனே, நானும் அதையேதான் செய்திருந்தேன்.

துணி போன மறுவாரம் டேப்லட்டிலிருந்து இன்ச் பொத்தானை எடுத்துவிட்டேன். இப்போது அது பார்க்கவும் அளவு மாற்றவும் மட்டும்தான். உருட்டுவதற்கு மூன்று நிலை விசையோடு, கம்பியில் கட்டிய ஒரு இயக்கி. உருளைகள் கண்ணில் படும் தூரத்தைத் தாண்டி அந்தக் கம்பி போகாது. கூடவே ஒவ்வொரு அமைப்புக்கும் பக்கத்தில் ஒரு புதிய கட்டம் சேர்த்து, அதில் அவர் பெயரைப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். “பேரு எதுக்கு தம்பி? தேதியப் போடுங்க. அடுத்த மாசம் வர்ற பேப்பர் வேற மாதிரி இருக்கும். அப்ப இந்த நம்பர நம்பி எவனாச்சும் ஓட்டிட்டா?”

தேதியையும் போட்டேன். பெயரை எடுக்கவில்லை.