குய் மொழி

குய் மொழி ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் கட்டுயிக் கிளையைச் சேர்ந்தது. வடகிழக்குத் தாய்லாந்தின் சுரின், சிசகேத் மாகாணங்களிலும் அவற்றின் அண்டைப் பகுதிகளிலும், கம்போடியாவின் வடக்குக் காட்டுப் பகுதிகளிலும், லாவோசின் தென்கோடியிலும் பேசப்படுகிறது. 'குய்' என்பதற்கு அம்மொழியில் 'மனிதர்' என்பதே பொருள். ஒடிசாவின் கந்த மக்கள் பேசும் குயி மொழி தமிழோடு உறவுடைய திராவிட மொழியாதலால், பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதைக் கொண்டு இரண்டையும் இணைத்தல் தவறு. குய் மொழியின் இந்திய உறவுகள் காசி, சந்தாலி, முண்டாரி போன்றவை. குய் மொழியில் 'மத்' எனப்படும் கண், காசியில் 'க்மத்' என்றும் சந்தாலியில் 'மெத்' என்றும் வழங்குகிறது. தாய்லாந்து மொழி செய்வதைப் போலச் சுருதி ஏற்ற இறக்கத்தால் சொற்பொருளை வேறுபடுத்தாமல், தெளிந்த குரலாலும் மூச்சுக் கலந்த தளர்ந்த குரலாலும் வேறுபடுத்துவது இம்மொழியின் சிறப்பியல்பு.

குய் மக்களைத் தாய்லாந்தில் 'சுவாய்' என அழைக்கும் வழக்கத்தில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. அச்சொல்லுக்குத் திறை என்று பொருள். தாய்லாந்தின் பழைய அயுத்தியா அரசுக்குக் காடுபடு பொருள்களையும் யானைகளையும் அளித்தோர் என்பதால் ஏற்பட்ட அப்பெயர், 'மனிதர்' என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒரு மக்களை அவர்கள் செலுத்திய வரியால் மட்டுமே அடையாளப்படுத்தியது. அயுத்தியாவின் கடைசி மன்னர் ஏக்கதத் காலத்தில் (1758–1767) தலைநகரிலிருந்து தப்பிய வெள்ளை யானையை மீட்டுத் தந்த குய் தலைவர்கள் பட்டங்கள் பெற்றனர். அவர்களுள் ஒருவரான சியங் பும் சுரின் நகரின் ஆட்சியாளரானார். யானை பிடிக்கக் காடு புகுவோர் அன்றாடச் சொற்களை விலக்கித் தமக்குள் பேசிய தனிமொழி, வேட்டை நின்றுபோன பின் பேசுவார் அருகிவிட்டது. கம்போடியாவில் 'இரும்பு மலை' எனப் பொருள்படும் புனோம் தேக் பகுதியில் தாதுவை உருக்கி இரும்பெடுத்த குய் கொல்லரின் தொழிலும் 20ஆம் நூற்றாண்டில் மறைந்தது.

பேசுவோர் தொகையைச் சில மதிப்பீடுகள் 4 லட்சத்தை ஒட்டிக் கூறினாலும், அத்தொகையைக் கொண்டு இம்மொழி பாதுகாப்பாக இருப்பதாகக் கருத இயலாது. இன, வட்டாரப் பெயர்களை நீக்கி அனைவரையும் 'தாய்' என்றே அழைக்கச் சொன்ன 1939ஆம் ஆண்டின் தாய்லாந்து அரசாணையும், தாய்லாந்து மொழி வழிப் பள்ளிக்கல்வியும், கெமர், லாவோ மொழியினரோடு கலந்த குடியிருப்பும் சேர்ந்து, பல ஊர்களில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மொழி செல்வதைத் தடுத்தன. கம்போடியாவில் 1975–1979 காலத்துக் கெமர் ரூஜ் ஆட்சி சிறுபான்மை மொழிகளை ஒடுக்கியது. பின்னர், குய் மக்கள் பிசின் எடுத்துப் பிழைத்த பிரே லாங் போன்ற காடுகள் மரம் வெட்டுதலாலும் தோட்ட நிறுவனங்களுக்கான நிலக்குத்தகையாலும் சுருங்கியபோது, அக்காட்டின் மரங்களையும் தொழில்களையும் குறித்த சொற்களும் புழக்கம் இழந்தன.

மரபான எழுத்து இல்லாத இம்மொழியைத் தாய்லாந்தில் தாய் எழுத்திலும் கம்போடியாவில் கெமர் எழுத்திலும் எழுத முயற்சிகள் நடந்துள்ளன. பிரசேர்ட் சிவிசெத் தொகுத்த குய்–தாய்–ஆங்கில அகராதியைச் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் 1978இல் வெளியிட்டது.