தொடர் தொழிற்கல்வி (பட்டயக் கணக்காளர்)

தொடர் தொழிற்கல்வி என்பது, தகுதித் தேர்வில் தேறித் தொழில் புரியும் ஒருவர் தமது துறை அறிவைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொள்ளப் பெறும் கல்வி ஆகும். நிதித்துறையில் இக்கல்வி பெரும்பாலும் மாநாடு, கருத்தரங்கு, பயிலரங்கு ஆகியவற்றின் வழியே பெறப்படுகிறது. இந்தியாவில் தொழில் புரியும் பட்டயக் கணக்காளர்களுக்கு இது கட்டாயமாகும்.

விதிமுறை

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், 1949ஆம் ஆண்டின் சட்டப்படி அவ்வாண்டு சூலை 1 அன்று நிறுவப்பட்டது. பன்னாட்டுக் கணக்காளர் கூட்டமைப்பின் ஏழாம் கல்விச் செந்தரம் 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளில் 120 மணிநேரக் கல்வி, அதில் 60 மணிநேரம் சரிபார்க்கத்தக்கது, ஆண்டுக்குக் குறைந்தது 20 மணிநேரம் என்பது அது வகுத்த அளவாகும்.

இந்திய நிறுவனம் இக்கல்வியை இரு வகையாகப் பிரிக்கிறது. வட்டார மன்றம், கிளை, கல்வி வட்டம் போன்ற அமைப்புகள் நடத்தும் கூட்டங்கள் முறைசார்ந்தவை. தாமே நூல்களையும் தொழில் இதழ்களையும் படித்தல் முறைசாராதது. தென்னிந்திய வட்டார மன்றம் சென்னையில் உள்ளது. மதுரையில் அதன் கிளை ஒன்று இயங்குகிறது.

போடிநாயக்கனூரில் இதன் தேவை

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தின் முதன்மை நகரங்களுள் ஒன்று. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடியிலும் நடைபெறுகிறது. தோட்டங்கள் பெரும்பாலும் ஏலமலையின் கேரளப் பகுதியில் இருக்க, வணிகர் பலர் தமிழ்நாட்டில் உள்ளனர். ஆகவே இங்குக் கணக்கெழுதுவோர் இரு மாநிலங்களுக்கிடையிலான வரிவிதிப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2007 சனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தன. 2000ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய ஒருவர், பதினேழு ஆண்டுகளில் மூன்று வரிமுறைகளைக் கையாள வேண்டியிருந்தது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது; அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது.

பயிரின் தன்மையும் கணக்கை மாற்றும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விவசாயி தம் ஏலக்காயை உலர்த்தி விற்ற வருவாய் வேளாண் வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரியிலிருந்து விலக்குப் பெற்றது. அதே ஏலக்காயை வாங்கி விற்ற வணிகரின் ஆதாயம் வரிக்குரியது. தேயிலையைத் தாமே பயிரிட்டுப் பதப்படுத்தியவருக்கோ வருமானத்தில் 40 விழுக்காடு வணிக வருமானமாகக் கொள்ளப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாது எழுதப்படும் கணக்கு, விவசாயிக்குத் தேவையற்ற வரியையோ வணிகருக்குத் தண்டத்தையோ விளைவிக்கக்கூடும்.

தொலைவும் இணையவழிக் கல்வியும்

மதுரை - போடி தொடர்வண்டிப் பாதையின் நீளம் சுமார் 90 கி.மீ. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட சேவை, போடி வரை 2023 சூன் 15 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. மதுரையில் நிகழும் ஒருநாள் கருத்தரங்கு, சிற்றூர்க் கணக்காளருக்கு ஒரு முழுநாள் வேலை இழப்பாகும். 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது இணையவழிக் கூட்டங்கள் பெருகியதால் இச்சுமை ஓரளவு குறைந்தது. எனினும் நேரடிக் கூட்டங்களில் கிடைக்கும் தொழில்முறை அறிமுகமும், ஐயங்களைச் சக கணக்காளருடன் விவாதிக்கும் வாய்ப்பும் இணையவழியில் குறைவு.

குறைபாடுகள்

மணிக்கணக்கு வருகையை அளக்குமேயன்றிக் கற்றதை அளக்காது என்பது இம்முறை மீதான முதன்மைக் குறைகூறல் ஆகும். இதனால் பெற்ற திறனை மதிப்பிடும் முறையையும் பன்னாட்டுச் செந்தரம் ஏற்கிறது.

இவற்றையும் பார்க்க

ஏலக்காய்
போடிநாயக்கனூர்
சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)