ரெகே இசை

ரெகே என்பது கரீபியக் கடலிலுள்ள ஜமைக்கா தீவில் 1960களின் இறுதியில் உருவான வெகுமக்கள் இசை. நான்கு தட்டுள்ள தாளத்தில் முதல் தட்டை வெறுமையாக விடுவது, இரண்டிலும் நான்கிலும் கிட்டாரைச் சுருக்கென மீட்டுவது, மூன்றில் முரசை இறக்குவது, பேஸ் கிட்டாருக்கு மெட்டுக்கு இணையான இடம் தருவது ஆகியவை இதன் அடையாளங்கள். தலைநகர் கிங்ஸ்டனின் மேற்குப்புறக் குடிசைப் பகுதிகளில் பிறந்த இந்த இசை, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் லண்டன், அபிஜான், ஜோகன்னஸ்பர்க் நகரங்களின் இளைஞர்களுக்கும் சொந்தமாகிவிட்டது. பாட்டைப் பதிவு செய்யும் இடமும் அதை ஊருக்குக் கேட்கச் செய்யும் கருவியும் எளிய மக்களின் தெருவிலேயே இருந்தன. ரெகே அந்தத் தெருவின் குரலாக நின்றதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

பின்புலம்

1655இல் ஜமைக்காவை ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றிய இங்கிலாந்து, ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் அங்கே கரும்புத் தோட்டங்களை நடத்தியது. அடிமை முறை 1838இல் முழுமையாக ஒழிந்தது. பிறகு 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் தீவில் இறக்கப்பட்டனர்.

குமினா, புரு ஆகிய ஆப்பிரிக்க மேள மரபுகளும், தேவாலயப் பாட்டும், கிட்டாரும் பாஞ்சோவும் சேர்ந்த ‘மென்டோ’ என்னும் நாட்டுப்பாட்டும் கிராமங்களில் ஒன்றோடொன்று கலந்து வளர்ந்தன. பிழைப்புத் தேடிக் கிங்ஸ்டனுக்கு வந்து ட்ரெஞ்ச் டவுன் போன்ற பகுதிகளில் குடியேறியவர்கள் இந்த மரபுகளையும் உடன் கொண்டுவந்தார்கள்.

சவுண்ட் சிஸ்டம்

1950களில் அந்தப் பகுதிகளில் இசைத்தட்டுக் கருவி வாங்கும் வசதி பெரும்பாலோருக்கு இல்லை. இசைத்தட்டுச் சுழலி, ஆம்பிளிஃபயர், ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஆகியவற்றை வண்டியில் ஏற்றிவந்து, திறந்த முற்றத்தில் வைத்துப் பாட்டுப் போட்டு, சிறு கட்டணத்தில் ஆட்டத்துக்கு இடம் தந்தார்கள் ‘சவுண்ட் சிஸ்டம்’ நடத்தியவர்கள். சீன வம்சாவளியினரான டாம் வாங், முன்னாள் போலீஸ்காரர் டியூக் ரீட், கிளமென்ட் ‘காக்ஸன்’ டாட் ஆகியோர் முன்னோடிகள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் புளூஸ் தட்டுகளுக்குக் கடும் போட்டி இருந்தது. எதிராளிக்குப் பாட்டின் பெயர் தெரியக் கூடாது என்று தட்டின் மேலுள்ள எழுத்தைச் சுரண்டி அழிப்பதும் வழக்கம்.

1950களின் இறுதியில் அமெரிக்க இசையின் போக்கு மாறியது. ஆட்டத்துக்கு ஏற்ற புதிய தட்டுகள் குறைந்தன. உடனே இவர்கள் உள்ளூர்ப் பாடகர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். காக்ஸன் டாட் 1963இல் ‘ஸ்டூடியோ ஒன்’ பதிவுக்கூடத்தைத் திறந்தார். பதிவான பாட்டை முதலில் ஆட்டத்தில் போட்டுப் பார்ப்பார்கள். கூட்டம் ஆடினால்தான் அது கடைக்குப் போகும். பாட்டு எதைப் பேச வேண்டும் என்பதைக் கேட்பவர்களே தீர்மானித்த ஏற்பாடு இது.

ஸ்காவும் ராக்ஸ்டெடியும்

இந்தப் பதிவுகளிலிருந்து முதலில் எழுந்தது விரைவு நடை கொண்ட ‘ஸ்கா’. 1962 ஆகஸ்ட் 6இல் விடுதலை பெற்ற நாட்டின் உற்சாகம் அதில் ஒலித்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா சிறுவர் பள்ளியில் ஊதுகருவி பயின்ற டான் டிரம்மண்ட் போன்றோர் 1964இல் ‘ஸ்கேட்டலைட்ஸ்’ குழுவில் இணைந்தனர்.

விடுதலை வந்தும் வேலை வரவில்லை. கிங்ஸ்டன் தெருக்களில் ‘ரூட் பாய்ஸ்’ எனப்பட்ட முரட்டு இளைஞர் கூட்டங்கள் பெருகின. 1966 வாக்கில் நடை தளர்ந்து ‘ராக்ஸ்டெடி’ ஆன இசை இந்த இளைஞர்களைப் பற்றி வெளிப்படையாக விவாதித்தது. டெஸ்மண்ட் டெக்கர் குடிசைப் பகுதியின் கொந்தளிப்பை அப்படியே பாடினார். பிரின்ஸ் பஸ்டர் ஒரு கண்டிப்பான நீதிபதியின் வேடத்தில் அவர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் தண்டனை விதித்தார். ஒரே ஊரின் இரு தரப்பு நியாயங்களும் ஒரே ஆட்டக்களத்தில் அடுத்தடுத்து ஒலித்தன. 1968இல் நடையும் பேஸும் மேலும் மாறி ரெகே பிறந்தது. ‘டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ்’ குழு அந்த ஆண்டு வெளியிட்ட பாட்டின் தலைப்பில் இசையின் பெயர் இடம்பெற்றது.

ராஸ்தஃபாரி நெறி

எத்தியோப்பியாவில் 1930இல் ஹைலி செலாசி பேரரசராக முடிசூடியதைக் கறுப்பின மீட்சியின் அறிகுறியாகக் கொண்டு ஜமைக்காவில் எழுந்த சமயம் ராஸ்தஃபாரி. ஆப்பிரிக்காவே தாயகம் என்ற மார்கஸ் கார்வியின் சிந்தனை அதற்கு ஊட்டம். அதை முதலில் பரப்பியவர்களுள் ஒருவரான லெனர்ட் ஹவல், ‘கங்குங்குரு மராக்’ என்று இந்தியச் சாயலுள்ள பெயரில் எழுதியது, ஒப்பந்தக் கூலிகளுடன் இருந்த தொடர்பைக் காட்டுகிறது. இந்த நெறியில் புனிதமான கஞ்சாவும் அக்கூலிகள் வழியாகவே தீவுக்கு வந்தது.

சடைமுடி வளர்த்த ராஸ்தாக்களை அரசும் மேல்தட்டினரும் வெறுத்தனர். 1954இல் ஹவலின் குடியிருப்பைப் போலீஸ் தகர்த்தது. 1966 ஏப்ரல் 21இல் செலாசி கிங்ஸ்டனுக்கு வந்தபோது விமான நிலையத்தில் திரண்ட பெருங்கூட்டம் அந்த நெறியின் வீச்சை நாட்டுக்குக் காட்டியது. அடுத்த பத்தாண்டுகளில் பாடகர்கள் பலர் அதைத் தழுவினர். பள்ளிக்கூடங்கள் தள்ளிவைத்த பாட்வா பேச்சுமொழியும், ஒதுக்கப்பட்டவர்களின் மறைமொழியும் பாட்டு வழியே மதிப்புப் பெற்றன. ராஸ்தாக்கள் வழிபாட்டில் கஞ்சாவைப் பயன்படுத்த 2015இல் ஜமைக்கா சட்டம் இடம் கொடுத்தது. அந்த மனமாற்றத்துக்கு வழி திறந்ததில் ரெகேவுக்குப் பெரும் பங்கு உண்டு.

அரசியல்

1972 தேர்தலில் மைக்கேல் மேன்லியின் மக்கள் தேசியக் கட்சி, டெல்ராய் வில்சனின் பாட்டொன்றைப் பிரசாரத்தில் ஒலிக்கச் செய்து வென்றது. எதிர்த்தரப்பான ஜமைக்கா தொழிலாளர் கட்சியின் பிற்காலத் தலைவர் எட்வர்ட் சியாகா, அரசியலுக்கு முன்பே இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர். இரு கட்சிகளும் பேட்டைகளில் ஆயுதக் கும்பல்களை வளர்த்தன.

1976 டிசம்பர் 3இல் ரெகே பாடகர் பாப் மார்லியின் வீட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காயமடைந்த மார்லி இரண்டே நாளில் ‘ஸ்மைல் ஜமைக்கா’ கச்சேரியில் மேடையேறிப் பாடினார். 1978 ஏப்ரல் 22இல் நடந்த ‘ஒன் லவ்’ அமைதிக் கச்சேரியில் மேன்லியையும் சியாகாவையும் மேடைக்கு அழைத்து இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்தார். அதே மேடையில் மார்லியின் பழைய குழுத் தோழர் பீட்டர் டாஷ் இருவரையும் கடுமையாகச் சாடினார். ஆயினும் 1980 தேர்தல் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நல்ல பாட்டு தலைவர்களை ஒரு மேடைக்கு வரவழைத்தது. துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்யும் வலிமை அதற்கு இருக்கவில்லை.

பாப் மார்லி

1945 பிப்ரவரி 6இல் நைன் மைல் கிராமத்தில் பிறந்து ட்ரெஞ்ச் டவுனில் வளர்ந்த மார்லி, பீட்டர் டாஷ், பன்னி லிவிங்ஸ்டன் ஆகியோருடன் ‘வெய்லர்ஸ்’ குழுவை அமைத்தார். ஐலண்ட் நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் 1973இல் வெளியிட்ட ‘கேட்ச் எ ஃபயர்’ அவர்களை உலக அரங்குக்குக் கொண்டுசென்றது. ஹைலி செலாசி 1963இல் ஐ.நா. சபையில் ஆற்றிய உரையை மார்லி 1976இல் பாட்டாக்கினார். கார்வியின் சொற்களும் அவர் பாட்டில் இடம்பெற்றன. புத்தகம் எட்டாத கோடிக்கணக்கானோருக்கு அந்தச் சிந்தனைகள் ஆட்டக்களம் வழியே போய்ச் சேர்ந்தன. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை விழாவில் பாடியது அவர் வாழ்வின் உச்சம். 1981 மே 11இல், 36 வயதில், புற்றுநோயால் காலமானார்.

கடல் கடந்த பரவல்

1948இல் ‘வின்ட்ரஷ்’ கப்பலில் தொடங்கி பிரிட்டனில் குடியேறியவர்கள் சவுண்ட் சிஸ்டத்தையும் எடுத்துச் சென்றார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் மீதான நிறவெறியைப் பேச ரெகே மொழி தந்தது. பர்மிங்காமின் ‘ஸ்டீல் பல்ஸ்’ குழுவும், கவிஞர் லின்டன் க்வேசி ஜான்சனும் அந்தத் தலைமுறையின் குரல்கள். 1976இல் எழுந்த ‘ராக் அகென்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் பங்க் இசைக்காரர்களையும் ரெகே கலைஞர்களையும் ஒரே மேடையில் நிறுத்தியது. கவன்ட்ரியின் ‘ஸ்பெஷல்ஸ்’ குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே ஸ்கா வாசித்தனர். வேலையின்மையைப் பற்றிய அவர்களின் பாட்டு 1981 ஜூலையில், நகரங்களில் கலவரம் மூண்டிருந்த நாட்களில், விற்பனையில் முதலிடம் பிடித்தது.

கிங்ஸ்டனில் பிறந்த டீஜே கூல் ஹெர்க் 1973 ஆகஸ்ட் 11இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடத்திய விருந்து, ஹிப் ஹாப்பின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்டின் ஆல்ஃபா பிளாண்டியும் தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபேயும் ரெகேயைத் தங்கள் மண்ணின் இசையாக்கினர். பஞ்சாபியப் பெற்றோருக்குப் பர்மிங்காமில் பிறந்த அப்பாச்சி இந்தியன் ரெகேயுடன் பாங்க்ராவைச் சேர்த்தார். அவர் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘லவ் பேர்ட்ஸ்’ (1996) படத்தில் பாடியபோது அந்த நடை தமிழ்த் திரையையும் எட்டியது.

அடுத்த தலைமுறைகள்

மின்கருவிகள் பழுதுபார்த்த கிங் டப்பி, பதிவான பாட்டிலிருந்து குரலை நீக்கி, முரசையும் பேஸையும் எதிரொலியில் மிதக்கவிட்டு ‘டப்’ வடிவத்தை உருவாக்கினார். இன்றைய ரீமிக்ஸ் கலைக்கு அது முன்னோடி. 1985இல் ஒரு சிறிய கேசியோ கீபோர்டின் தாளத்தில் பிறந்த ‘ஸ்லெங் டெங்’ பாட்டு, கணினிக் கால ‘டான்ஸ்ஹால்’ இசைக்கு வாசல் திறந்தது. மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவட், சிஸ்டர் நான்சி ஆகியோர் ஆண்கள் நிறைந்த அந்த உலகில் பெண்களுக்கு இடம் பிடித்தனர்.

டான்ஸ்ஹால் பாட்டுகள் சிலவற்றில் ஓரினச் சேர்க்கையாளர் மீதான வன்மமும் ஒலித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பூஜு பான்டன் தமது பழைய பாட்டொன்றைப் பட்டியலிலிருந்தே 2019இல் நீக்கினார். சமூகத்தின் வெறுப்பும் பாட்டில் படியும். கேட்பவர்கள் கேள்வி கேட்டால் பாடகரும் மாறுவார் என்பதற்கு இது சான்று.

2018 நவம்பரில் யுனெஸ்கோ ரெகேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2020இல் 19 வயதான காஃபி, சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் தனிப் பெண் கலைஞர் ஆனார்.

மதிப்பீடு

முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஒரு தீவின் இசை இவ்வளவு தூரம் சென்றதற்கு மார்லி என்ற ஒரு மேதையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. தெருவில் ஒலிபெருக்கி வைத்தவர், பழுதுபார்த்தவர், மைக் பிடித்தவர், ஆடி ஒப்புதல் தந்த கூட்டம் என ஒரு சமூகமே அதன் ஆசிரியர். பசியும் பக்தியும் கோபமும் கொண்டாட்டமும் தணிக்கையின்றி அதில் பதிவாயின. எந்த நாட்டு இளைஞரும் அதை எடுத்துத் தங்கள் ஊர் வழக்கைப் பேச முடிந்தது. எளியவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் கருவியைக் கையில் வைத்திருந்தால், அந்தக் கதைக்கு உலகம் முழுவதும் செவி கிடைக்கும் என்பதே ரெகே வரலாறு தரும் பாடம்.